குளிருக்கு முன்: வண்டியில் தண்ணீர் தங்கும் இடங்கள்

குளிர்காலம் நெருங்கும்போது வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்று கேட்டால் பலரும் பேட்டரி, டயர், ஆயில் என்று மூன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பல ஆண்டுகளாக என் வண்டியின் வேலைகளை நானே செய்துவருவதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது: உறைபனிக் காலத்தில் வண்டிக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி தண்ணீரால் வருவது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் அளவுக்கு மீறிச் சேர்ந்த தண்ணீர் உறைந்து இன்ஜினைப் பிளக்கிறது. கதவின் அடியில் தேங்கிய தண்ணீர் தகட்டை அரிக்கிறது. முன்கண்ணாடியின் சிறு உடைவில் புகுந்த ஈரம் உறைந்து விரிசலை நீட்டுகிறது. தரைவிரிப்பில் ஊறிய ஈரம் விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் படர்கிறது. பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பும் தண்ணீரில் கரைந்த பிறகுதான் இரும்பைத் தாக்கத் தொடங்குகிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அடைபட்ட இடத்தில் அப்படி விரியும்போது வார்ப்பிரும்பும் தாங்காது.

இதை ஏற்றுக்கொண்டால், வண்டியைத் துப்புரவு செய்வதும் இயந்திரப் பராமரிப்பும் வேறு வேறு வேலைகள் என்ற எண்ணம் தானாகவே விலகிவிடும். டீட்டெய்லிங் என்றாலே பார்ப்பவர்களுக்காக வண்டியைப் பளபளப்பாக்குவது என்று நினைப்பவர்கள் உண்டு. கோடையில் அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். குளிருக்கு முன் செய்யும் டீட்டெய்லிங்கின் நோக்கம் வேறு. ஈரமும் உப்பும் எங்கெல்லாம் ஒட்டிக்கொள்ளுமோ அங்கெல்லாம் அவற்றுக்கு இடம் கொடுக்காமல் செய்வது அதன் முதல் பயன். வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் நம் கையும் கண்ணும் ஒருமுறை கடந்து செல்வது இரண்டாவது பயன். வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்தால் இந்த இரண்டாவது பயன் நமக்குக் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்படும் நேரத்தில் சக்கர வளைவின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வழியில்லை.

எப்போது தொடங்குவது என்பதற்கு நாட்காட்டியைவிட வெப்பமானியைப் பார்ப்பது நல்லது. பகல் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலான மெழுகுகளும், பெயின்டைக் காக்கும் செயற்கைப் பூச்சுகளான சீலன்டுகளும் பெயின்டின் மேல் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. துடைத்தெடுக்கும்போது திட்டுத்திட்டாக நின்றுவிடும். துருத் தடுப்பு மெழுகும் கெட்டியாகி, இடுக்குகளுக்குள் பரவாமல் தெளித்த இடத்திலேயே நிற்கும். குளிர்கால டயர்களை மாட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 7 டிகிரி. ஆகவே வெயில் இதமாக இருக்கும் கடைசி வாரங்களிலேயே ஒரு வார இறுதியை இதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும். விரல்கள் விறைக்கத் தொடங்கிய பிறகு பொறுமை நிற்காது. பொறுமையின்றித் தேய்த்தால் பெயின்டில் கீறல்தான் மிஞ்சும்.

கழுவும் வேலையைச் சக்கரங்களிலும் அடிப்பகுதியிலும் தொடங்கி, அதன் பிறகே கூரைக்குப் போக வேண்டும். கீழே உள்ள அழுக்குதான் மிகவும் முரடானது. மேற்பகுதியை முதலில் கழுவினால், சக்கரத்தைக் கழுவும்போது தெறிக்கும் மணலும் பிரேக் தூளும் சுத்தமான பெயின்டின் மேல் மீண்டும் படியும். வண்டியின் அடிப்பாகத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது சக்கர வளைவுகளில். வளைவின் விளிம்பில் தகடு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பு ஒரு சிறு வாய்க்காலைப் போல வளைவு முழுவதும் ஓடுகிறது. டயர் வாரியடிக்கும் மணலும் இலைத் துணுக்குகளும் அதில் சேர்ந்து இறுகுகின்றன. கையுறை போட்டுக்கொண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தால் சேறு கட்டிகட்டியாக வரும். மழை நின்று நாட்கள் ஆகி வெளிப்புறம் காய்ந்திருந்தாலும், உடைத்துப் பார்த்தால் அந்தக் கட்டியின் நடுவே ஈரம் இருக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. பல வண்டிகளில் துரு முதலில் பின்சக்கர வளைவில் கொப்புளமாகத் தலைகாட்டுவதற்குக் காரணம் இந்த மடிப்புதான். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் கருவி மட்டும் போதாது. மெல்லிய தூரிகையும் விரலும் வேண்டும்.

அடுத்து வடிகால் துளைகள். ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் மழைநீரில் ஒரு பகுதி ரப்பர் ஓரத்தைத் தாண்டிக் கதவின் உள்ளே இறங்குகிறது. இது குறைபாடு அன்று. வண்டியை வடிவமைத்தவர்கள் அதை எதிர்பார்த்தே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை வைத்திருக்கிறார்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்திலும் இத்தகைய துளைகள் உண்டு. தூசியும் இலைத்தூளும் சேர்ந்து இவற்றை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். கதவைத் திறந்து, தரையில் குனிந்து, அடிவிளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் துளைகள் தெரியும். வளையக்கூடிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டினால் அடைப்பு விலகும். சில நேரங்களில் பழுப்பு நிறத் தண்ணீர் கை வழியே இறங்கும். கம்பியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. துளையின் ஓரத்தில் பெயின்ட் உரிந்துவிட்டால் நாமே துருவுக்கு வழி திறந்துவிட்டவர்களாவோம்.

வைப்பர்களுக்குக் கீழே, பானட்டும் முன்கண்ணாடியும் சேரும் இடத்தில் காற்று உள்ளே போகும் சல்லடை ஒன்று இருக்கும். இலையுதிர் காலத்தில் அங்கே இலைகள் குவிந்து மட்கி, தண்ணீர் வடியும் வழியை அடைக்கின்றன. அப்படித் தேங்கிய தண்ணீர் சில வண்டிகளில் காற்றூதியின் மோட்டாருக்குள்ளோ, முன் இருக்கைக்கு எதிரே உள்ள தரைவிரிப்பின் அடியிலோ இறங்கிவிடும். கூரையில் திறப்பு உள்ள வண்டியாக இருந்தால் அதன் நான்கு மூலைகளிலும் வடிகுழாய்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் வந்து சொட்டுகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை.

இதற்குப் பிறகுதான் வாளியும் ஷாம்பூவும். இரண்டு வாளிகள் வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: ஒன்றில் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றொன்றில் கழுவும் கையுறையை அலசுவதற்கான வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் தேய்த்தால் முதல் கதவில் எடுத்த மணலையே அடுத்த கதவில் தேய்க்கிறோம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த அழுக்கை இறக்கிவிட்டு, நிழலில், மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் கழுவ வேண்டும்.

கழுவி முடித்த பெயின்ட் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும்; ஆனால் தொட்டுப் பார்த்தால் வேறு கதை. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, ஈரமான பானட்டின் மேல் விரல் நுனிகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெறுங்கையில் வழவழப்பாகத் தோன்றிய இடம் பைக்குள் இருக்கும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். அவை பெரும்பாலும் பிரேக் தகடுகளிலிருந்து பறந்து சூடாக வந்து பதிந்த இரும்புத் துகள்கள், தார்ப் புள்ளிகள், மரப்பிசின். இரும்புத் துகள்களுக்கென்று விற்கப்படும் நீக்கி திரவத்தைத் தெளித்தால் அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். வெள்ளை நிற வண்டியின் பின்பக்கக் கதவில் இதை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், இத்தனை இரும்பு பெயின்டில் பதிந்திருந்ததா என்று திகைத்துப்போவார்கள். அதைக் காயவிடாமல் அலசிவிட்டு, மிஞ்சியவற்றைக் கிளே பார் என்ற களிமண் போன்ற மெதுவான கட்டியைக் கொண்டு தேய்த்து எடுக்க வேண்டும். வழுக்குத் திரவம் தாராளமாக இருக்க வேண்டும்; கிளே கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுவதும் கோடு இழுப்பதற்கு.

பாலிஷ் செய்யும் ஆசை இந்தக் கட்டத்தில் எழும். இங்கே கொஞ்சம் அடக்கம் வேண்டும் என்பது என் கருத்து. பெயின்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒவ்வொரு பாலிஷும் அந்த மெல்லிய படலத்திலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது. வரப்போகும் மாதங்களில் உப்புச்சேறும் பனி சுரண்டும் தூரிகையும் எப்படியும் புதிய கீறல்களைப் போடும். ஆகவே கீறல் நீக்கும் கடுமையான பாலிஷை வசந்தகாலத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, இப்போது பெயின்டைச் சுத்தமாக்கிப் பாதுகாப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஆனால் கல்லடிபட்ட இடங்களை ஒத்திவைக்க முடியாது. பானட்டின் முன்விளிம்பு, பம்பருக்கு மேலே உள்ள பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கதவடி ஆகியவற்றை வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துத் தேடினால் ஊசிமுனை அளவிலான புள்ளிகள் கிடைக்கும். அவற்றில் வெறும் தகடு தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, துரு தொடங்கியிருந்தால் முதலில் அதைச் சுரண்டியெடுத்துத் துரு மாற்றித் திரவம் பூசி, வண்டியின் நிற எண்ணுக்கு ஏற்ற டச்-அப் பெயின்டை மெல்லிய அடுக்குகளாக வைக்க வேண்டும். நிற எண் பெரும்பாலும் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் வில்லையிலோ பானட்டின் அடியிலோ இருக்கும். தூரிகையைவிடக் கூரிய பற்குச்சி முனையில் ஒரு துளி எடுத்து வைத்தால் புள்ளிக்கு வெளியே வழியாது. அடுக்குகளுக்கு இடையே நன்றாகக் காயவிட வேண்டும். அருகில் போய்ப் பார்த்தால் ஒட்டு தெரியத்தான் செய்யும்; அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஈரம் தகட்டைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தேவை.

பாதுகாப்புப் பூச்சில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் செயற்கை சீலன்டையே சொல்கிறேன். தாவர மெழுகான கார்னாபா தரும் ஆழமான பொலிவு எனக்கும் பிடிக்கும்; ஆனால் அடிக்கடி கழுவ வேண்டிய உப்புக் காலத்தில் அது விரைவில் கரைந்துபோகும். செராமிக் பூச்சு நீண்ட காலம் உழைக்கும் என்றாலும் அதற்கு முந்தைய தயாரிப்பும், பூசிய பிறகு ஈரம்படாமல் வைத்திருக்க வேண்டிய நேரமும் வீட்டு வாசலில் வேலை செய்பவருக்கு எளிதல்ல. நல்ல சீலன்டு ஒரு குளிர்காலம் தாங்கும். மெல்லியதாகப் பூசி, உரிய நேரம் காத்திருந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். தடிமனாகப் பூசுவதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. சக்கர விளிம்புகளுக்கும் அதே சீலன்டைப் பூசுங்கள். கதவுகளைத் திறந்தால் தெரியும் உள்விளிம்புகளையும் விட்டுவிடக் கூடாது. உப்புத் தண்ணீர் அங்கே தாராளமாகப் போய்ச் சேர்கிறது.

வண்டியின் அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண உப்பும் தண்ணீரும் கலந்த கரைசல் மிக அதிகமாக மைனஸ் 21 டிகிரி வரை உறையாமல் இருக்கும். சாலைகளில் தூவப்படும் மற்றோர் உப்பான மெக்னீசியம் குளோரைடு இன்னும் கீழே செல்லும். மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்பவை. எனவே சாலை காய்ந்து கிடக்கும் நாளிலும் வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் படலம் ஈரமாகவே இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அரிப்பு ஒரு வேதிவினை, வெப்பம் கூடினால் அதன் வேகமும் கூடும். உப்போடு வந்த வண்டியைக் கழுவாமல் கதகதப்பான கராஜில் நிறுத்துவது, வெளியே உறைபனியில் நிறுத்துவதைவிடத் தகட்டுக்குக் கெடுதல்.

அடித்தளத்துக்கு ரப்பர் போன்ற தடித்த கறுப்புப் பூச்சை அடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வயதாகும்போது வெடித்து, வெடிப்பின் வழியே புகுந்த ஈரத்தைத் தகட்டோடு சேர்த்து மூடிவைத்துக்கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) அல்லது மெழுகு அடிப்படையிலான, ஆண்டுதோறும் புதுப்பிக்கக்கூடிய தெளிப்பான்களே நல்லவை. அவை தகட்டின் இணைப்புகளுக்குள் ஊடுருவும். கீறல் விழுந்தால் மெல்ல நகர்ந்து ஓரளவு தாமாகவே மூடிக்கொள்ளும். தெளிப்பதற்கு முன் அடிப்பகுதி முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். பிரேக் தட்டுகள், பிரேக் பேடுகள், புகைக்குழாய், ரப்பர் உறைகள், சற்று முன்பு நாம் திறந்துவிட்ட வடிகால் துளைகள் ஆகியவற்றின் மேல் படாமல் மறைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு வண்டியை உயர்த்துவதாக இருந்தால் சமதளமான கெட்டித் தரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தாங்கு நிலைகளின் மேல் இறக்கி வைத்த பிறகே கீழே போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

கண்ணாடிக்கு வருகிறேன். முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆண்டு முழுவதும் ஒரு மங்கலான படலம் சேர்கிறது. டாஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்களும் மூச்சிலுள்ள ஈரமும் தூசியும் சேர்ந்தது அது. அந்தப் படலத்தில்தான் நீராவி எளிதாக ஒட்டிப் பனிமூட்டமாகிறது. ஒரு துணியால் திரவத்தைப் பூசித் துடைத்து, உடனே காய்ந்த வேறொரு துணியால் மறுபடியும் துடைத்தால் அது முழுமையாக நீங்கும். வெளிப்புறத்தில் கல்லடிபட்ட உடைவு இருந்தால் குளிருக்கு முன்பே பிசின் ஏற்றி அடைத்துவிட வேண்டும். ஈரம் புகுந்து உறைந்தாலோ, சூடான காற்றை நேராகக் கண்ணாடியில் வீசவிட்டாலோ, நாணயம் அளவு இருக்கும் உடைவு ஒரே காலையில் கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடலாம். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவதும் இதே காரணத்தால்தான் ஆபத்து.

வைப்பர் ரப்பரை விரலால் ஓட்டிப் பார்த்து, விளிம்பு கடினப்பட்டோ கிழிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வாஷர் தொட்டியில் கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீர் இருந்தால் அதை முழுவதும் பீய்ச்சித் தீர்த்துவிட்டு, உங்கள் இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் கீழே உறையாத திரவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு சில நொடிகள் பீய்ச்சுவது அவசியம்; தொட்டியில் புதிய திரவம் இருந்தாலும் குழாயிலும் முனையிலும் பழைய தண்ணீரே நிற்கும், உறைவதும் அதுதான்.

கதவு ரப்பர்கள் உறைந்து ஒட்டிக்கொள்வதற்கும் தண்ணீரே காரணம். ஒட்டிய கதவை வலிந்து இழுத்தால் ரப்பர் கிழியும். கிழிந்த இடம் வழியாக மேலும் தண்ணீர் உள்ளே வரும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் அல்லது கிளிசரின் அடிப்படையிலான பராமரிப்புத் திரவத்தை மெல்லியதாகத் தடவினால் போதும். பெட்ரோலிய எண்ணெய்கள் பலவகை ரப்பரை ஊதச் செய்யும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வண்டியின் உட்புறத்தில் ஈரத்தைத் தேடுவதற்குக் கைதான் சிறந்த கருவி. மிதியடிகளை எடுத்துவிட்டு, தரைவிரிப்பின் மேல் உள்ளங்கையை அழுத்தி ஒரு நிமிடம் வையுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு ஊறியிருந்தால் குளிர்ச்சி கைக்குத் தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியைத் திறந்து பார்ப்பதும் கட்டாயம். பின்விளக்கின் ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். கண்டுபிடித்த ஈரத்தைக் காயவைத்து, வந்த வழியையும் அடைத்த பிறகு, துணி மிதியடிகளை எடுத்துவிட்டு விளிம்பு உயர்ந்த ரப்பர் மிதியடிகளைப் போட வேண்டும். காலணியில் ஒட்டி வரும் பனி உருகும்போது அந்த விளிம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கேபின் ஃபில்டரில் அடைப்பு இருந்தால் எவ்வளவு வேகமாகக் காற்றை வைத்தாலும் கண்ணாடி தெளியாது. குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று அதை அணைத்துவிடுபவர்கள் பலர். ஆனால் ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது, ஆகவே ஹீட்டரோடு அதையும் சேர்த்துப் போட்டால் கண்ணாடி சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

இனி பானட்டுக்கு அடியில். கூலன்டின் கதை முழுவதும் தண்ணீரின் கதைதான். கூலன்டில் உறைவைத் தடுக்கும் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சமபங்காகக் கலந்தால் அது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். கோடையில் அளவு குறைந்தபோதெல்லாம் தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் இந்தப் பங்கு கலைந்திருக்கும். அதற்காகக் கிளைக்காலை மட்டும் ஊற்றுவதும் சரியன்று. தண்ணீர் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரிக்கு அருகிலேயே உறைந்துவிடும், வெப்பத்தைக் கடத்துவதிலும் அது தண்ணீருக்கு ஈடாகாது. ஒரு துளியை வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் மிகவும் நம்பகமானது; வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு உறைநிலையைக் காட்டும். கூலன்டின் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான தரம் கிடையாது. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. சிந்தியதை உடனே கழுவித் துடைக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு, குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அதை நக்கிவிடும் ஆபத்து உண்மையானது.

பேட்டரியில்கூட உறையும் தண்ணீர் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனாலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே அது உறைந்து ஓடு வெடிக்கக்கூடும். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று பொருள். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவலாம். கழற்றும்போது எதிர்முனையை (மைனஸ்) முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் சிசிஏ எண், மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிகளுக்கு அது எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்பதைக் குறிக்கிறது. மாற்றும்போது கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் குறைவானதை வாங்காதீர்கள். பெரும்பாலான மின்சார வண்டிகளிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது ஈய அமில வகையாக இருந்தால் அதையும் இதே போலப் பார்க்க வேண்டும்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆயில் டப்பாவில் எழுதியிருக்கும் 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருக்கும் அளவுக்குக் குளிரில் ஆயில் எளிதாக ஓடும். கையேடு அனுமதிக்கும் எண்களுக்குள் சிறியதைத் தேர்ந்தெடுத்து, மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் குளிருக்கு முன்பே மாற்றிவிடலாம். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த அளவு 155க்கு இறங்கிவிடுகிறது. குழாய்களையும் உள்ளிருந்தே அந்தத் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் பிரேக்கில் காற்று வெளியேற்றும் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஃபில்டரின் அடியில் சேர்ந்திருக்கும் தண்ணீரை வடித்துவிட மறக்கக் கூடாது.

டயரில் பலரும் தவறவிடுவது அழுத்தத்தை. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். 25 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்த டயரில், வேறு கசிவே இல்லாவிட்டாலும், மைனஸ் 5 டிகிரிக் காலையில் 28 அளவுதான் இருக்கும். எச்சரிக்கை விளக்கு பல வண்டிகளில் அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகே எரிவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. வண்டி ஓடாமல் நின்ற நிலையில், கதவு நிலையில் எழுதியிருக்கும் அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். குளிர்கால டயர் வாங்கினால் பக்கச்சுவரில் மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளத்தை அனுமதித்தாலும், பனிக்கும் சேற்றுத் தண்ணீருக்கும் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை நான் நம்புவதில்லை. சக்கரத்தைக் கழற்றியிருக்கும் நேரம் பிரேக் பேடுகளைப் பார்க்கவும் சக்கரம் அமரும் பரப்பைக் கம்பித் தூரிகையால் துருநீக்கவும் நல்ல வாய்ப்பு. நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

விளக்குகளைக் கடைசியில் வைத்தாலும் அலட்சியமாக வைக்கக் கூடாது. மஞ்சள் பூத்த பாலிகார்பனேட் ஹெட்லைட்டை ஈரத்தில் உப்புத்தாளால் படிப்படியாக மென்மையாகத் தேய்த்துத் தெளிவாக்கலாம்; ஆனால் தேய்த்த பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகிவிடும். எல்இடி ஹெட்லைட்டுகள் முன்புறம் அதிக வெப்பத்தை வீசுவதில்லை என்பதால் அவற்றின் மேல் ஒட்டும் பனி பழைய பல்புகளில் உருகியது போல உருகாது. ஓடும்போது அவ்வப்போது நிறுத்தி அதைத் துடைக்க ஒரு மென்மையான தூரிகை வண்டியிலேயே இருக்கட்டும். பனியில் நிறுத்திய வண்டியைக் கிளப்பும் முன் புகைக்குழாயின் வாய் பனியால் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் திரும்பிவிடும்.

குளிர் தொடங்கிய பிறகு கழுவுவதை நிறுத்திவிடாதீர்கள். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் பகல்களைப் பயன்படுத்தி, முழு வண்டியையும் கழுவ நேரமில்லாவிட்டாலும் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் மட்டுமாவது உப்பு போக அலச வேண்டும். அலசிய பிறகு கதவு ரப்பர்களையும் பூட்டுகளையும் எரிபொருள் மூடியையும் காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாகச் சில முறை மிதித்தால் தட்டுகளில் ஒட்டிய தண்ணீர் காய்ந்துவிடும். அன்றிரவு உறைபனி என்றால், கேபிள் வகைக் கைபிரேக் உள்ள வண்டியைச் சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கைபிரேக்கைப் போடாமல் விடலாம். கேபிளுக்குள் ஈரம் இருந்தால் காலையில் அது விடுபடாது.